ரோஸ்வீட்டாவின் அமுக்கி

ரோஸ்வீட்டா பியோன்டெக் எதையும் பூட்டி வைக்கிற ரகம் இல்லை. எங்கள் ஜெர்மன் ஊரான ஹெர்னேயில், கால்வாய்க்கரையில் இருக்கும் அவளுடைய பட்டறைக்குள் போனால் சுவர் நிறைய ஸ்பானரும் சுத்தியலும் தொங்கும். ஒரு லிஃப்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, நம் வண்டியை நாமே தூக்கி, நாமே கையைக் கரியாக்கிக்கொள்ளலாம். வேண்டியதை எடு, வேலை முடிந்ததும் துடைத்து மாட்டு, அவ்வளவுதான் சட்டம். வேலை மேஜைக்கு மேலே பெரிய எழுத்தில் அவளே எழுதி வைத்திருந்தாள்: ‘எடுத்ததைச் சுத்தமாகத் திருப்பி வை.’ காபியும் அப்படித்தான், குடித்தவர் கோப்பையைக் கழுவ வேண்டும்.

பூட்டுக்குள் இருந்தது ஒன்றே ஒன்று, ஸ்பிரிங் கம்ப்ரஸர்.

பழைய காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். வண்டியின் பாரத்தைச் சுமந்துகொண்டு, எப்போது விரியலாம் என்று வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்ற வேண்டுமானால் முதலில் அமுக்கிக் குட்டையாக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கருவி. சுருளுக்குள் மேலே ஒரு கனத்த இரும்புத் தட்டு, கீழே ஒன்று, இரண்டையும் கோத்து நடுவில் ஒரு நீளத் திருகுக்கம்பி. கம்பியைத் திருகத் திருகத் தட்டுகள் நெருங்கி வரும், நடுவில் மாட்டிய ஸ்பிரிங் சுருங்கும். பட்டறையில் எல்லாரும் அதை ‘அமுக்கி’ என்பார்கள். சுருங்கின ஸ்பிரிங் கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருப்பது போலத் தெரியும். தட்டு நழுவினால் போச்சு, கண் மூடித் திறப்பதற்குள் கண்ணே இருக்காது.

அமுக்கி கேட்டு வருகிறவர் எந்தப் பெரிய மனிதராக இருந்தாலும் ரோஸ்வீட்டா உடனே சாவியை எடுக்க மாட்டாள். முதலில் வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள்.

“இது பிச்சுக்கிட்டா எந்தப் பக்கம் போகும்? விரலால காட்டு.”

காட்ட வேண்டும். காட்டின அந்தக் கோட்டில் தலை, கை, கால் எதுவும் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் நின்றுதான் திருக வேண்டும். ஒருமுறை ஒரு வாயாடிப் பையன் கேட்டான்: “என்ன ரோஸி, எனக்கே பாடம் எடுக்கறியா?”

“பாடம் இல்லடா, பல்லு. உன் பல்லு எனக்குப் பிடிச்சிருக்கு. அது உன் வாயிலயே இருக்கட்டும்.”

அப்புறம் திருகுக்கம்பியின் மரைப்பள்ளங்களில் தன் விரலாலேயே கிரீஸ் தடவுவாள், மேலிருந்து கீழே வரைக்கும், குழந்தைக்கு மருந்து போடுகிற அக்கறையோடு. ஸ்பிரிங்கின் வளையங்களுக்குள் ஒரு சங்கிலியை நுழைத்து வண்டியின் சட்டத்தோடு கட்டச் சொல்வாள். தட்டு நழுவினாலும் ஸ்பிரிங் பறக்காது. காற்றழுத்தத்தில் ஓடுகிற ஸ்பானரைத் தொடவே விடமாட்டாள். கையால் திருகினால்தான் கம்பி என்ன சொல்கிறது என்று கைக்குத் தெரியும் என்பது அவள் கட்சி. கடைசியாக ஒன்று சொல்வாள், எல்லாருக்கும் மனப்பாடம்:

“இறுகுனா நிறுத்து. கிறீச்சுன்னா நிறுத்து. நிறுத்திட்டு என்னைக் கூப்பிடு. நான் கக்கூஸ்ல இருந்தாலும் சரி, கத்திக் கூப்பிடு.”

அவள் நகராட்சி பஸ் டிப்போவில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்தவள். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். அவளிடம் யார் பருப்பும் வேகவில்லை. அங்கே ஒரு நாள், கூட வேலை பார்த்த ஒருவனின் தாடையை ஒரு ஸ்பிரிங் கொண்டுபோனதை அவள் பார்த்தாள். அதைப் பற்றி யாரிடமும் கதை சொன்னதில்லை. டிப்போவை விட்டு வரும்போது, லாரி டயருக்குக் காற்றடிக்கையில் டயர் வெடித்தால் தடுக்கிற பெரிய இரும்புக்கூண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். காரைத் தவிர லாரி பக்கமே போகாத பட்டறைக்கு இது எதற்கு என்று ஊரே சிரித்தது. அவள் அதை முற்றத்தில் வைத்து மேலே ஜெரேனியம் பூத்தொட்டிகளை அடுக்கினாள். இரண்டு முறை கல்யாணம் ஆகி இரண்டு முறை விவாகரத்து. இரண்டு முறையும் கார் அவள் பக்கம் வந்தது. “ஆள் போனா போறான். வண்டி ரெண்டும் நல்ல வண்டி” என்பாள்.

இப்படிப்பட்டவளை ஒரே ஒரு மனிதர் மட்டும் ‘நீங்க’ என்று கூப்பிட்டு வந்தார்.

கிஸ்பெர்ட் குபாலா. நகராட்சி நீச்சல்குளத்தில் உயிர்காக்கும் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் பாதிப்பேர் அவர் விசில் சத்தத்துக்குப் பயந்துகொண்டே நீந்தக் கற்றவர்கள். தந்தநிறத்தில் ஒரு பழைய பென்ஸ் டீசல் வைத்திருந்தார், ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடினது. அதை ரிப்பேர் பார்க்க வெள்ளை ஓவரால் போட்டுக்கொண்டு வருவார்! பட்டறைக்கு வெள்ளை! சாயங்காலம் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும், அதுதான் அதிசயம். கை கறுத்திருந்தால் யாருக்கும் கை கொடுக்க மாட்டார், முழங்கையை நீட்டுவார்.

அந்தப் பட்டறையில் மருத்துவரும் ‘நீ’, குப்பை வண்டிக்காரரும் ‘நீ’. கிஸ்பெர்ட் வந்த புதிதில் ரோஸ்வீட்டாவே இரண்டு பீர் பாட்டிலைத் திறந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்து, “நான் ரோஸ்வீட்டா. இனிமே நீ, வா, போன்னே பேசிக்குவோம்” என்றாள். அவர் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, “தப்பா நினைக்காதீங்க, திருமதி பியோன்டெக். மரியாதை மரியாதையாவே இருக்கட்டும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் ‘நீ’ என்று சொல்ல ஒரு பெண்ணே வாய்விட்டு அழைத்த பிறகு மறுப்பது சின்ன விஷயம் இல்லை. ரோஸ்வீட்டாவுக்குச் சுருக்கென்றது. அவள் இரண்டாவது முறை கேட்கிறவள் இல்லை. அன்றிலிருந்து வருஷங்கள் ஓடியும் அவரும் ‘நீங்க’, அவளும் பதிலுக்கு ‘நீங்க’. மூன்றாம் லிஃப்டில் எப்போதும் தன் குட்டிக் காரை நோண்டிக்கொண்டிருக்கும் நர்ஸ் ஸெவ்கி, அவர் வண்டி வாசலில் திரும்பினாலே கத்துவாள்: “ரோஸி! உன் ‘நீங்க’ வந்தாச்சு!”

அந்தச் சனிக்கிழமை பென்ஸின் முன்பக்க ஸ்பிரிங்குகளை மாற்றக் கிஸ்பெர்ட் வந்திருந்தார். பழையது தளர்ந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ரோஸ்வீட்டா அவரையும் வழக்கம்போல வண்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

“பிச்சுக்கிட்டா எங்க போகும்? காட்டுங்க.”

அவர் வகுப்பில் பதில் சொல்கிற பிள்ளை போல விறைப்பாக நின்று சரியாகக் காட்டினார். அவள் மரைக்குக் கிரீஸ் போட்டு, சங்கிலி கட்டுவதைக் கூட நின்று பார்த்து, மனப்பாட வாசகத்தையும் சொல்லிவிட்டு, பட்டறை ஓரத்துத் தன் கண்ணாடி அறைக்குப் போனாள். சனிக்கிழமை மத்தியானம் ரேடியோவில் கால்பந்து. எல்லா மைதானத்திலிருந்தும் மாறி மாறி வர்ணனை வரும். பச்சைக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டியோடு அவள் உட்கார்ந்துவிட்டால் அது அவள் கோயில் நேரம். ஆனாலும் அமுக்கி வெளியே இருக்கிற நாளில் அறைக்கதவை மூடமாட்டாள்.

ரொட்டி பாதியில் இருந்தபோது அறை வாசலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது, தாழ்வாக, நல்ல தன்மையாக.

“திருமதி பியோன்டெக், உங்களுக்கு ஒரு நிமிஷம் நேரம் இருக்குமா? அவசரம் இல்லேன்னு சொல்ல முடியாது.”

அவள் நிமிர்ந்தாள். பட்டறையின் நட்ட நடுவில் கிஸ்பெர்ட் நின்றுகொண்டிருந்தார். சங்கிலியை அவிழ்த்து, பழைய ஸ்பிரிங்கை அமுக்கியோடு சேர்த்துக் கழற்றி, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தார், தொட்டிலிலிருந்து எடுத்த பிள்ளையைப் போல. மேல் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, வளையத்தின் விளிம்பில் நகக்கண் அளவுதான் தொற்றிக்கொண்டிருந்தது. சுருளின் மேல்வாய் நேராக அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரோஸ்வீட்டா ரொட்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

“அசையாதே. கீழ வைக்காதே. வேற எதுவும் பண்ணாதே. முகத்தை மட்டும் இடப்பக்கம் திருப்பு. தலையை நல்லாப் பின்னால சாய்.”

வருஷக்கணக்கான ‘நீங்க’ அந்த இடத்திலேயே காணாமல் போனதை அவள் கவனிக்கவே இல்லை.

“டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு” என்றார் அவர், முகத்தைத் திருப்பியபடியே. “தூக்கிட்டு வர்றப்போ.”

“கேட்டிருக்கும். பேசு, பேசிட்டே இரு, ஆனா அசையாதே. ஸெவ்கி! இன்ஜின் தூக்கற கிரேனைத் தள்ளிட்டு வா. அவருக்கு முன்னால வராதே, பக்கத்துல வா. மத்தவங்க எல்லாம் வெளிய!”

ஸெவ்கி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்குக் குரலைக் கேட்டாலே போதும். கிரேன் சக்கரம் தரையில் கடகடவென்று வந்தது. ரோஸ்வீட்டா சங்கிலியை எடுத்துக்கொண்டு கிஸ்பெர்ட்டுக்குப் பின்பக்கவாட்டிலிருந்து அங்குலம் அங்குலமாக நெருங்கினாள். அவர் நெற்றியில் வியர்வை கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கை நடுங்கினால் தட்டு நழுவும், நழுவினால் அவர் முகம் இருக்காது. பக்கத்தில் போகிற அவள் கையும்தான்.

“கிஸ்பெர்ட், ஒண்ணு கேக்கறேன். தண்ணில முங்கறவனை எப்படிப் பிடிப்பே?”

“பின்... பின்னாலருந்து.”

“ஏன் முன்னாலருந்து பிடிச்சா என்ன?”

“நம்மளையும் சேத்து அமுக்கிடுவான்.”

“ஆங். அதேதான். இப்ப நான் பின்னாலருந்து வர்றேன். உன் கைக்குக் கீழ ஒரு சங்கிலி போகும், ஜில்லுன்னு இருக்கும், திடுக்கிடாதே.”

சங்கிலியை அவள் சுருளின் கீழ்வளையத்துக்குள் விட்டு, உள்வழியாகவே மேலே ஏற்றி, தட்டுக்கு அடுத்த வளையத்தில் வெளியே எடுத்தாள். இழுக்கவில்லை, உரசவும் விடவில்லை. கோலத்தில் புள்ளி வைக்கிறவள் கை கூட அவ்வளவு நிதானமாக இருக்காது. இரண்டு முனையும் கிரேன் கொக்கியில் மாட்டியது. ஸெவ்கி கைப்பிடியை மெல்ல மெல்ல அடித்தாள். சங்கிலி விறைத்தது.

“கை போகுது” என்றார் கிஸ்பெர்ட். “ரோஸ்வீட்டா, என்னால முடியல, சீக்கிரம்... சீக்கிரம் பண்ணு!”

“பண்ணியாச்சு. பாரம் இப்ப சங்கிலில இருக்கு. கையை எடு. முதல்ல இடது, அப்புறம் வலது. பின்னால போகாதே, பக்கத்துல போ. போ, போ, போ!”

அவர் போனார். சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். ஸ்பிரிங் கிரேனில் தனியாகத் தொங்கியது.

அப்போதும் அவள் மூச்சு விடவில்லை. அமுக்கின ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆளா அவள்? முற்றத்து இரும்புக்கூண்டின் மேலிருந்து ஜெரேனியம் தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். கிரேனைப் பக்கவாட்டில் நின்று தள்ளிக்கொண்டு போய், ஸ்பிரிங்கைக் கூண்டுக்குள் இறக்கிக் கதவைத் தாழிட்டாள். ஒரு கனத்த இரும்புத் தகட்டை நிறுத்தி அதன் மறைவில் நின்று, நீளக் கழுத்து காஸ் டார்ச்சைக் கம்பி இடுக்கில் நீட்டினாள். நடு வளையம் பழுக்கப் பழுக்க ஸ்பிரிங்கின் வலு வடியும், தானாகத் தளர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு.

வளையம் செக்கச்சிவப்பாக ஆரம்பித்ததுமே வெடித்தது.

கால்வாய்க்கரை வாத்துகள் எல்லாம் எழும்பின. ஜெரேனியம் தொட்டி ஒன்று தானாகவே கவிழ்ந்தது. ரோஸ்வீட்டா டார்ச்சை அணைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, எட்டிப் பார்த்தாள். மேல் தட்டு பறந்துபோய்க் கூண்டின் கம்பியில் மோதியிருந்தது. கட்டைவிரல் தடிமன் கம்பி, வில்லாக வெளியே வளைந்திருந்தது.

கிஸ்பெர்ட் வந்து அந்தக் கம்பியைப் பார்த்தார். தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். உள்ளே ரேடியோவில் யாரோ கோல் போட்டுவிட்டார்கள், வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

ரோஸ்வீட்டா திருகுக்கம்பியை எடுத்துப் பார்த்தாள். மரை உலர்ந்து, கடித்து, இரும்புத் துருவலாக உதிர்ந்திருந்தது. கிரீஸ் பொட்டுக்கூட இல்லை.

“நான் போட்ட கிரீஸ் எங்க?”

கிஸ்பெர்ட் தலை குனிந்தார். “கையுறைல ஒட்டுச்சு. ஸ்ப்ரே அடிச்சு நல்லாத் துடைச்சேன். சுத்தமா வைக்கணும்னு... நீங்கதானே மேஜைக்கு மேல எழுதி வெச்சிருக்கீங்க.”

“அது திருப்பி வைக்கறப்போய்யா!” அவளுக்குத் தலை சுற்றியது. “சரி, இறுகியிருக்குமே? கிறீச்சுன்னு அலறியிருக்குமே?”

“அலறுச்சு. கைப்பிடில ஒரு குழாயை மாட்டி, இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினேன். தட்டு லேசா கோணிச்சு.”

“ஏன் என்னைக் கூப்பிடல?”

கிஸ்பெர்ட் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார்.

“ஆட்டம் கேட்டுட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு பாத்தேன். தவிர, திருமதி பியோன்டெக், கொஞ்சம் முன்னாடி உங்களை ஒருமைல கூப்பிட்டுட்டேன். அதுக்கும் மன்னிக்கணும்.”

அவ்வளவுதான், ரோஸ்வீட்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“மன்னிக்கணுமா? யோவ், அந்த ஒருமையாலதான் நீ இப்ப வாயோட நிக்கற! ஸெவ்கிக்கு ஒரு போல்ட் வரலேன்னா ‘ரோஸி’ன்னு கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரி கத்துவா. நீ? ‘உங்களுக்கு ஒரு நிமிஷம் இருக்குமா’! சாகப்போறவன் அப்பாயின்ட்மென்ட் கேட்ட மாதிரி! குளத்துல ஒரு புள்ளை முங்கறப்போ, ‘ஐயா, நேரம் இருந்தா காப்பாத்துங்க’ன்னு கேட்டா நீ என்ன சொல்லுவே?”

“கத்துன்னு சொல்லுவேன்” என்றார் கிஸ்பெர்ட் மெதுவாக. “கத்தாம முங்கறவங்களைத்தான் நாங்க பயந்து பயந்து தேடுவோம். சத்தமே போடாம போயிடுவாங்க.”

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலிருக்கிறது.

ரோஸ்வீட்டா அதற்கு மேல் திட்டவில்லை. கண் கலங்கியது தெரியக்கூடாதென்று விருட்டென்று உள்ளே போய்விட்டாள். ஸ்டூலில் ஏறி, மேஜைக்கு மேலே இருந்த தன் சொந்த எழுத்துக்குக் கீழே, பெயின்ட் தேடப் பொறுமையில்லாமல், கிரீஸ் டப்பாவில் விரலை முக்கி எழுதினாள்: ‘அமுக்கி மட்டும் அழுக்காக வரணும்!’

இறங்கித் திரும்பினால் பின்னால் கிஸ்பெர்ட் நின்றார். கிரீஸ் டப்பாவுக்குள் தன் வலது கையை விட்டார். கையுறை இல்லாமல், மணிக்கட்டு வரைக்கும். அப்புறம் அந்தக் கையை அவளுக்கு முன்னால் நீட்டினார். வெள்ளை ஓவராலில் கறுப்பு சொட்டியது.

“கிஸ்பெர்ட்” என்றார், முதல்முறை பார்க்கிறவரிடம் சொல்வது போல.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வருஷங்களுக்கு முன்னால் திறந்த பாட்டில் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் காக்க வைத்தாள், அது அவள் உரிமை. பிறகு இறுக்கிப் பிடித்தாள்.

“ரோஸ்வீட்டா. ரோஸின்னு கூப்பிடு, சீக்கிரம் கத்த வசதி.”

அடுத்த சனிக்கிழமை புது அமுக்கி வந்திருந்தது. கிஸ்பெர்ட் பென்ஸின் அடுத்த பக்கத்தில் இருந்தார். கிரீஸ் அவர் முழங்கை வரை ஏறியிருந்தது. ரேடியோவில் ஆட்டம் சூடு பிடித்திருந்தது. பந்து கோல் வாசலுக்குப் போய்விட்டது, ரோஸ்வீட்டா ரொட்டியும் கையுமாக நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

“ரோஸி!”

நீச்சல்குளத்தின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் கேட்கிற குரல். பட்டறையில் இருந்த எல்லார் கையிலிருந்தும் ஏதாவது ஒன்று விழுந்தது.

“இறுகுது! நிறுத்திட்டேன்! வா!”

அவள் வாயில் ரொட்டியோடு ஓடினாள். அவர் வண்டிக்குப் பக்கவாட்டில், காட்ட வேண்டிய கோட்டுக்கு நன்றாகத் தள்ளி, இரண்டு கறுத்த கையையும் உயர்த்திக்கொண்டு நின்றார். ரோஸ்வீட்டா குனிந்து பார்த்தாள். தட்டு நேராக இருந்தது. மரை வழவழவென்று இருந்தது. புது ஸ்பிரிங் என்பதால் கொஞ்சம் முறைத்தது, அவ்வளவுதான்.

“ஒண்ணுமே இல்லையே.”

“ஒண்ணுமில்லேன்னா நல்லதுதானே” என்றார் கிஸ்பெர்ட். “நீ போய் ஆட்டத்தைக் கேளு.”

“எந்த ஆட்டத்தை? உன்னால கோல் போச்சு!” என்று திட்டிக்கொண்டே, அவள் போகாமல் சங்கிலியைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.